மடையைத் திறப்பது யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளைக் கேரளம் ஒரு திருவிழாவைப் போலவே கொண்டாடுகிறது. 2023-ஆம் ஆண்டு தேர்வு எழுதியவர்களுள் 99.70 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். ஏறத்தாழ எல்லாருமே தேறிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கணக்கு தேர்வு எழுதியவர்களைப் பற்றியது மட்டுமே. பத்தாம் வகுப்பை எட்டுவதற்கு முன்பே பள்ளிப் படிகளை விட்டு இறங்கிவிட்ட பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை. அவர்களைத் தேடுகிறவர் மாநிலத்தின் கிழக்கு எல்லைக்குச் செல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும், அவற்றுக்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கும் முதுவர் குடிகளிலும் அவர்களைக் காணலாம்.

அத்தகைய ஓர் ஊரில் ஒரு சிறுவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். காரணம் கேட்டால், ‘அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்ற விடைதான் முதலில் வரும். இன்னும் சற்றுத் துருவிக் கேட்டால், பெற்றோருக்கு அக்கறையில்லை என்பார் ஆசிரியர். ஆசிரியர் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை என்பார் பெற்றோர். எல்லா வசதிகளும் செய்து கொடுத்தாயிற்று என்பார் அதிகாரி. ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. சிக்கலே அங்குதான். முழுப் பொய்யாக இருந்தால் அதை மறுத்துவிடலாம். கால் பங்கு உண்மையை முழு உண்மையாக எண்ணி ஒவ்வொருவரும் அமைதியாக உறங்கிவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் குழந்தை கேட்பாரற்றுப் போகிறது.

இதில் ஆன்மிகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஏனெனில் ‘அவன் முயற்சி செய்யவில்லை, அதனால் தோற்றான்’ என்று கூறுவோர் பல வேளைகளில் சாத்திரத்தையே துணைக்கு அழைக்கின்றனர். மனிதன் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று கீதை கூறவில்லையா, தனக்குத் தானே நண்பனும் பகைவனும் என்று பகவான் சொல்லவில்லையா என்கின்றனர். சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உபதேசம் யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். தளர்ந்து அமர்ந்த அர்ச்சுனனின் பக்கத்தில், அவனது தேரின் கடிவாளத்தைக் கையில் பிடித்தபடி இருந்த ஒருவர் சொன்னது அது. தேரை ஓட்டாமல் கரையில் நின்றுகொண்டு அதே சொற்களைக் கூறினால் அது உபதேசமாகாது, வெறும் கைகழுவலாகும்.

சந்தி என்னும் உண்மை

தைத்திரீய உபநிடதத்தின் முதற்பகுதி சீக்ஷாவல்லி. எழுத்தொலியையும் உச்சரிப்பையும் பற்றித் தொடங்கும் அந்தப் பகுதி, விரைவிலேயே ஒரு வியப்பான தியானத்துக்குச் சென்றுவிடுகிறது. இரண்டு எழுத்துக்கள் அடுத்தடுத்து வந்து புணரும்போது முன்னெழுத்து, பின்னெழுத்து, அவை கூடும் இடம், அவற்றைக் கூட்டுவிக்கும் செயல் என நான்கு உண்டு. இந்த நான்கையும் கொண்டு ரிஷி உலகம் முழுவதையும் எண்ணிப் பார்க்கிறார். கல்வியைக் குறித்து எண்ணும்போது ஆசாரியரை முன்னெழுத்தாகவும், உடன் உறையும் மாணவரைப் பின்னெழுத்தாகவும் வைக்கிறார். அவர்கள் கூடும் சந்தியே வித்தை. கற்பித்தல் அந்தக் கூட்டுவிக்கும் செயல். இதை அடுத்தே தாயை முன்னெழுத்தாகவும் தந்தையைப் பின்னெழுத்தாகவும் மகவைச் சந்தியாகவும் தியானிக்கச் சொல்கிறார்.

தமிழ் படித்தவர்களுக்குப் புணர்ச்சி புதிதன்று. பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. இடையில் வந்த அந்த மெல்லெழுத்து பூவிலும் இல்லை, கொடியிலும் இல்லை. இரண்டும் நெருங்கி வந்ததால் பிறந்தது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். அங்கே முன்னிருந்த ஓர் எழுத்து தன்னை இழந்துவிடுகிறது. கல்வியும் அப்படித்தான். அது ஆசிரியரின் பையிலிருந்து மாணவரின் பைக்கு மாற்றப்படும் பொருள் அன்று. இருவரும் நெருங்கும்போது, சில வேளை ஒருவர் தம்மிடமுள்ள ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கும்போது, இடையில் பிறப்பது. அது பிறக்காதபோது ‘எந்த எழுத்தின் குற்றம்?’ என்று கேட்பது இலக்கணமே ஆகாது. அவை ஏன் கூடவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதே வல்லியில் ஆசாரியர் ஒருவரின் வேண்டுதல் வருகிறது. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது போல, மாதங்கள் ஆண்டுக்குள் சென்று சேர்வது போல, மாணவர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் தம்மிடம் வரவேண்டும் என்கிறார். பள்ளிக்குப் பிள்ளைகள் வராததைப் பிள்ளைகளின் குறையாக அவர் எண்ணவில்லை. அது தாம் வேள்வி செய்து வேண்டிப் பெற வேண்டிய பேறு என்று எண்ணுகிறார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாணவர்களைக் கேட்பதற்கு முன்னால் அவர் உணவையும் உடையையும் பசுக்களையும் கேட்கிறார். வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டுமே! பள்ளியில் மதிய உணவு எதற்கு என்று கேட்பவர்கள் இந்த வரிசையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

கால் கால் பங்கு

மாணவன் பெறும் கல்வியில் கால் பங்கு ஆசிரியரிடமிருந்தும், கால் பங்கு தன் அறிவிலிருந்தும், கால் பங்கு உடன் பயில்வோரிடமிருந்தும், எஞ்சிய கால் பங்கு காலப்போக்கிலும் வருகிறது என்று வடமொழியில் ஒரு பழைய சுபாஷிதம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவரும் இத்தகைய கணக்கு ஒன்றைப் போடுகிறார். ஆனால் அவருடைய கணக்கு இன்னும் துணிவானது. ஆசிரியர் சொல்லக் கேட்பதால் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார். உடன் கற்பவர்களோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் நிறைகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இடுக்கியின் முதுவர் குடிகளைப் பார்க்க வேண்டும். முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள். மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதால் இப்பெயர் வந்ததென்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. அவர்கள் பேசுவது தமிழுக்கு மிக நெருங்கிய, எழுத்து வடிவம் இல்லாத ஒரு மொழி. அவர்களுடைய குடிகளில் ‘சாவடி’ என்ற பொதுவிடம் உண்டு. மணமாகாத இளைஞர்கள் இரவில் அங்கே கூடி உறங்குவது நெடுங்கால வழக்கம். காட்டின் வழிகள், பருவத்தின் குறிகள், பாட்டு, பெரியோர் கதை எல்லாம் மூத்தவனிடமிருந்து இளையவனுக்கு அங்கேதான் சென்றன. நன்னூலார் சொன்ன முக்கால் பங்கு அவர்களிடம் முன்பே இருந்தது. பள்ளி கொண்டு வர வேண்டியது ஒரு கால் பங்கை மட்டுமே. ஆனால் பள்ளிகள் பெரும்பாலும் அந்த முக்காலைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாத வெறும் பாத்திரங்களாகவே அந்தப் பிள்ளைகளைக் கருதின.

வரப்பும் நீரும்

சுவாமி விவேகானந்தர் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஓர் உழவனின் உவமை அடியோட்டமாக இருக்கும். அது பதஞ்சலி யோகசூத்திரத்தில் உள்ள உவமை. உயரமான வாய்க்காலில் நீர் நிற்கிறது. வயலுக்குப் பாய வேண்டும். உழவன் நீரை உண்டாக்குவதில்லை, தள்ளிக்கொண்டு போவதும் இல்லை. குறுக்கே இருக்கும் வரப்பை வெட்டிவிடுகிறான், மடையைத் திறந்துவிடுகிறான். நீர் தன் இயல்பினால் பாய்கிறது. நிறைவு மனிதனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, கல்வி அதை வெளிப்படுத்துகிறது என்று சுவாமிஜி கூறியதன் அடிப்படை இதுவே. பாலக்காட்டு நெல்வயல்களில் வாழும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மடை அடைபட்டிருக்கும்போது நீருக்கு ‘நாட்டமில்லை’ என்று எந்த உழவனும் சொல்ல மாட்டான்.

அப்படியானால் அடைப்பு எது, அதை எடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியே மிஞ்சுகிறது.

பசி ஓர் அடைப்பு. அட்டப்பாடியில் 2013-இல் ஊட்டச்சத்துக் குறைவால் நிகழ்ந்த சிசு மரணங்கள் நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தன. பிறந்த குழந்தையின் எடையே குறைந்திருக்கும் ஊரில் ஆறு வயதுப் பிள்ளையின் கவனக்குறைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாயின் கலத்தைப் பார்க்க வேண்டும். தொலைவு மற்றோர் அடைப்பு. காட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல அரசு ஜீப் வண்டிகளை ஏற்பாடு செய்திருக்கிறது. அவை ஓடும் நாட்களில் வருகை கூடுவதும் நிற்கும் நாட்களில் குறைவதும் எதிர்பார்க்கக் கூடியதே.

மொழி என்னும் அடைப்பு கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே நெடுநாள் எடுக்கப்படாமல் கிடப்பது. அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் பிள்ளைகளும் இடுக்கியின் முதுவர் பிள்ளைகளும் வீட்டில் ஒன்று பேசிப் பள்ளியில் மலையாளத்தில் வேறொன்று கேட்கிறார்கள். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை போன்ற இடங்களிலும், மூணாறு, தேவிகுளம் பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆயினும் தமிழில் படித்த பிள்ளை மேற்படிப்புக்கு மலையாளத்துக்கோ ஆங்கிலத்துக்கோ திடீரெனத் தாவ வேண்டியிருக்கிறது. 1956-இல் மாநில எல்லைகள் வரையப்பட்டபோது கோடு நிலத்தின் மீதுதான் போடப்பட்டது. அது பிள்ளைகளின் நாவின் மீதும் விழுந்ததை எவரும் கணக்கிடவில்லை.

குருதேவரின் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சி உண்டு. பீகாரின் சாப்ரா பகுதியிலிருந்து வேலைக்காரச் சிறுவனாகக் கல்கத்தாவுக்கு வந்த லாட்டுவுக்கு எழுத்தறிவு இல்லை. ஸ்ரீராமகிருஷ்ணர் தாமே வங்காள அரிச்சுவடியை எடுத்துவைத்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். முதல் எழுத்தை அவர் வங்காளிகளின் முறையில் உச்சரிப்பார். லாட்டு தன் ஊர் முறையில் நீட்டிச் சொல்வான். திருத்துவார், மறுபடியும் அப்படியே சொல்வான். இதையே இப்படி நீட்டினால் அடுத்து வரும் நெடிலை எப்படிச் சொல்வாய் என்று கேட்டுச் சிரித்த குருதேவர் கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டார். படிப்பு தேவையில்லை என்று காட்டுவதற்கே இக்கதையைப் பலர் சொல்வதுண்டு. ஆனால் அங்கே நடந்தது என்ன? ஒரு குழந்தையின் தாய்மொழி நாவும் பாடநூலின் நாவும் மோதிக்கொண்டன. குருதேவர் புத்தகத்தைத்தான் மூடினார். லாட்டுவை மூடவில்லை. வேறு வாயில் வழியாக அவனுக்குள் நுழைந்தார். அந்தச் சிறுவனே பின்னாளில் சுவாமி அத்புதானந்தர் ஆனார். இன்றைய வகுப்பறையில் அதே தடுமாற்றம் வரும்போது புத்தகம் திறந்தே இருக்கிறது. பிள்ளைதான் மூடப்படுகிறது.

காட்டுக்குள் ஒரு சந்தி

கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி இடமலக்குடி. தேவிகுளம் வட்டத்தில் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட முதுவர் குடிகளைச் சேர்த்து 2010-இல் அது அமைக்கப்பட்டது. மூணாற்றிலிருந்து இராஜமலை, பெட்டிமுடி வரை சென்று, அதன்பின் அட்டைக்கடியையும் யானைத் தடத்தையும் பொருட்படுத்தாமல் பல மணி நேரம் நடந்தே அங்கே போக வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. இந்தப் பெட்டிமுடியில்தான் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் 70 பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளி மாணவர்களும் பலர்.

1990-களின் இறுதியில், நடந்து செல்வதைத் தவிர வேறு வழியில்லாத அந்தக் காலத்தில், பி. கே. முரளீதரன் என்ற ஆசிரியர் இடமலக்குடிக்குச் சென்றார். அப்போது கேரளத்தின் எட்டாக்கை ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. ஒரே ஆசிரியர், ஒரே அறை, நான்கு வகுப்புகள். மலையாளத்தில் ஆசிரியரை அன்போடு ‘மாஷ்’ என்பார்கள். முரளி மாஷ் அங்கேயே தங்கினார், அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டார். உபநிடதம் ‘அந்தேவாசி’ என்ற சொல்லை மாணவனுக்கு வைத்திருக்கிறது, அருகில் வாழ்பவன் என்பது பொருள். இங்கே ஆசிரியரே அந்தேவாசியாக வேண்டியிருந்தது. முன்னெழுத்து நகர்ந்து பின்னெழுத்தின் பக்கம் வந்தது.

அதே இடமலக்குடியின் இருப்புக்கல்லுக்குடியில் பி. வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தார். மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட சிறிய கடை. அதற்குள் ‘அட்சரா’ என்ற பெயரில் ஒரு நூலகம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுவழி நடந்து சென்று அதைக் கண்டு எழுதியபோது சின்னத்தம்பிக்கு வயது 73. புத்தகங்கள் எங்கே என்று கேட்டதற்கு அவர் இரண்டு சாக்குமூட்டைகளைக் கொண்டுவந்து பாயில் கொட்டினாராம். ஏறத்தாழ 160 நூல்கள். பொழுதுபோக்குக் கதைகள் அல்ல, பஷீரும் எம். டி. வாசுதேவன் நாயரும் லலிதாம்பிகா அந்தர்ஜனமும் எழுதியவை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும் மலையாளத்தில் இருந்தது. உறுப்பினர் கட்டணம் ஒருமுறை 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். யார் எதை எடுத்துச் சென்றார் என்பது பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. சிலப்பதிகாரம் ஒரு முறைக்கு மேல் இரவல் போயிருந்தது.

இந்தச் செய்தியில் வியந்து நிற்பதற்கு நிறைய உண்டு. ஆனால் வியப்பை விடப் பயன்படுவது வேறொன்று. தேநீர்க்கடைக்காரருக்குக் கல்வித் துறையோடு எந்தத் தொடர்பும் இல்லை. எந்தச் சட்டமும் அவர்மீது கடமையைச் சுமத்தவில்லை. பள்ளி கற்றுக்கொடுத்த எழுத்துக்கள் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு படிக்க ஒன்றுமில்லாமல் பட்டுப்போகக் கூடாது என்ற கவலையை அவர் தம் பங்காக எடுத்துக்கொண்டார். மதுரையை எரித்த கண்ணகியின் கதையை, மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லும் ஒரு மக்கள் காட்டுக்குள் அமர்ந்து மலையாளத்தில் படித்தார்கள்! சந்தி என்பது இதுதான்.

2022-ஆம் ஆண்டு கேரள அரசு எஞ்சியிருந்த ஓராசிரியர் பள்ளிகளை மூடியது. பிள்ளைகள் முழுமையான பள்ளிகளில், பல ஆசிரியர்களிடம், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது தவறான காரணம் அன்று. உடன் பயில்வோரின் கால் பங்கை ஓராசிரியர் பள்ளியால் முழுமையாகத் தர இயலாதுதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தையை விடுதிக்கு அனுப்பவோ நெடுந்தொலைவு வண்டியில் ஏற்றவோ தாய் தயங்கினால், மூடப்பட்டது ஒரு கட்டடம் மட்டுமன்று. அந்த ஆசிரியர்களுள் பலருக்கு வேறு பள்ளிகளில் துப்புரவுப் பணியே மாற்றுப் பணியாக அளிக்கப்பட்டது. எந்தப் பணியும் இழிவன்று என்பது கர்மயோகம். ஆயினும் இருபது ஆண்டுகள் மலையேறி எழுத்தறிவித்த கைகளுக்குச் சமூகம் அந்தப் பணியைத்தான் கண்டுபிடித்தது என்பதில் கர்மயோகம் எதுவும் இல்லை.

தாயின் பங்கு

பெற்றோருக்கு அக்கறையில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இப்போது வரலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் கூட்டம் எப்போது நடக்கிறது? பெரும்பாலும் வேலைநாளின் பகலில். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலையில் அமர்ந்தபோது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். கொழுந்து பறிக்கும் ஒரு தாய் பள்ளிக் கூட்டத்துக்கு வந்தால் அந்தக் கூலியை விட்டுத்தான் வர வேண்டும். வராதபோது குறிப்பேட்டில் ‘பெற்றோர் வரவில்லை’ என்று எழுதப்படும். கூலி போனது எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது. தோட்டத்தில் தொழிலாளரின் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தரும் கடமையை நிர்வாகத்தின்மீது சுமத்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இடம் தந்தது. ஆக, முதலாளிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நீண்ட காலமாகவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றுதான்.

சுவாமிஜி இதைத் தெளிவாகக் கண்டிருந்தார். 1892-இன் பிற்பகுதியில் அவர் பெங்களூரிலிருந்து இரயிலில் இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் ஷொரனூர் வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் திருச்சூருக்குச் சென்றார். இப்பயணத்துக்கு முன் பெங்களூரில் அவர் சந்தித்தவர்களுள் டாக்டர் பல்பு ஒருவர். மருத்துவம் படித்துத் தேறியும் சாதியின் காரணத்தால் சொந்தத் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டவர். மாணவர் தம் பங்கை முழுமையாகச் செய்தார், தேர்வில் வென்றார். மற்றவர்கள் தங்கள் பங்கைச் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1894 ஜூன் 23 அன்று சிகாகோவிலிருந்து மைசூர் மகாராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் சுவாமிஜி ஒரு நடைமுறைச் சிக்கலை முன்வைக்கிறார். ஊர்தோறும் இலவசப் பள்ளி திறந்தாலும் ஏழைப் பையன் வரமாட்டான், பிழைப்புக்காக அவன் வயலுக்குத்தான் போவான் என்கிறார். அவனுக்கு நாட்டமில்லை என்று முடிவு கட்டாமல், கல்வியே அவனைத் தேடிச் செல்லட்டும் என்கிறார். சந்நியாசிகள் உலக உருண்டையும் வரைபடமும் ஒளிப்படக் கருவியும் எடுத்துக்கொண்டு மாலை வேளைகளில் ஊர் ஊராகப் போகட்டும் என்பது அவர் தீட்டிய திட்டம். மாலை வேளை என்பதைக் கவனிக்க வேண்டும். தாய் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் வேளை அது.

ஒருவராலும் பங்கிட இயலாதது

இவ்வளவும் சொன்ன பிறகு, மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா என்ற ஐயம் எழும். இருக்கிறது. அதை வேறெவரும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. தந்தை பட்ட கடனைப் பிள்ளைகள் அடைக்கலாம். தலையில் உள்ள சுமையை இன்னொருவர் இறக்கி வைக்கலாம். ஆனால் ஒருவன் பசியை மற்றொருவன் உண்டு தீர்க்க முடியாது. கற்பதும் அப்படியே. பசியும் தொலைவும் நீங்கிய பிறகும் படிக்காத மாணவர் உண்டு. கையில் நல்ல நூலும் பக்கத்தில் நல்ல ஆசிரியரும் இருந்தும் கைப்பேசித் திரையில் பொழுதைக் கரைப்பவர் உண்டு. அவர்களுக்காகச் சமூகத்தைக் குறைகூறுவது அவர்களையே சிறுமைப்படுத்துவதாகும்.

மாணவரின் அந்தப் பங்குக்கு உபநிடதம் தரும் பெயர் சிரத்தை. கடோபநிடதத்தின் நசிகேதனுக்குள் சிரத்தை புகுந்தது என்ற இடத்தைச் சுவாமிஜி திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். அந்தச் சிறுவன் தன்னை அளந்து பார்க்கிறான். சிலரிடையே தான் முதல்வன், சிலரிடையே தான் நடுவில் இருப்பவன் என்று எண்ணுகிறான். தான் கடைசியாக இருக்கும் கூட்டம் எதுவும் அவன் எண்ணத்தில் வருவதேயில்லை. எமனுடைய வாயில் வரை அவனை நடத்திச் சென்றது அந்த எண்ணமே. சிரத்தையை விதைக்க எவராலும் முடியாது என்பது உண்மையாயினும், பிடுங்கி எறிய எல்லாராலும் முடிகிறது. ‘காட்டுப்பையன்’, ‘தோட்டத்துப் பிள்ளை’ என்ற ஒரு சொல், கடைசி வரிசையில் ஓர் இடம், பெயரைத் தவறாகவே அழைக்கும் ஒரு வருகைப் பதிவு ஆகிய இவை போதும். அப்படிப் பிடுங்கிய பிறகு ‘ஏன் ஊக்கமில்லை?’ என்று கேட்பதுதான் வேடிக்கை.

ஆசிரியர்களை மருத்துவர்களோடு ஒப்பிட்டு ஸ்ரீராமகிருஷ்ணர் மூன்று தரங்களைக் கூறுவார். நாடி பார்த்து மருந்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுபவர் கடைத்தரம். மருந்தை உண்ணும்படி இனிமையாக எடுத்துச் சொல்பவர் இடைத்தரம். நோயாளி மறுத்தால் மார்பில் முழங்காலை ஊன்றியாவது மருந்தை உள்ளே செலுத்துபவர் முதல்தரம். பாடத்தை நடத்திவிட்டேன், படிப்பது அவன் பொறுப்பு என்பவர் எந்தத் தரம் என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் ஊன்றுவதைப் பிரம்பு எடுப்பதாகச் சிலர் பொருள் கொள்கிறார்கள். அது பிழை. குருதேவர் சொன்னது நோயாளியை விட்டுப் போகாத மருத்துவரை. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவை மூன்றாம் முறையும் தட்டுபவர் அவர்.

நான்கு கால்கள்

சாந்தோக்கிய உபநிடதம் சத்தியகாமனின் கதையைச் சொல்கிறது. தந்தை யாரென்று அறியாத சிறுவன். தாய் ஜபாலை பல வீடுகளில் பணிசெய்து வாழ்ந்தவள். குலத்தைக் கேட்டால் என்ன சொல்வது என்று மகன் கேட்டபோது அவள் எதையும் மறைக்கவில்லை. தன் பெயரையே அவனுக்குக் குலப்பெயராகக் கொடுத்தனுப்பினாள். அந்த உண்மையை அவன் அப்படியே சொன்னதற்காகக் கௌதமர் அவனை ஏற்றுக்கொண்டார். பிறகு மெலிந்த நானூறு பசுக்களை ஒப்படைத்துக் காட்டுக்கு அனுப்பினார். அவை ஆயிரமாகும் வரை திரும்புவதில்லை என்று புறப்பட்டான் அவன். ஆண்டுகள் கழிந்தபின் காளை ஒன்று அவனுக்குப் பிரம்மத்தின் ஒரு காலை உபதேசித்தது. நெருப்பு ஒரு காலை, அன்னம் ஒரு காலை, நீர்ப்பறவை ஒரு காலை. கால் என்றால் பாதமும்தான், நான்கில் ஒரு பங்கும்தான். முகம் ஒளிர அவன் திரும்பி வந்தபோது, உனக்குக் கற்பித்தது யார் என்று ஆசிரியர் கேட்டார். மனிதர் அல்லாதவர்கள் என்றான். ஆயினும் தங்களிடமிருந்து கேட்கவே விரும்புகிறேன் என்றும் சொன்னான். காட்டில் கற்றுவிட்டோம், இனி ஆசிரியர் எதற்கு என்று அவன் எண்ணவில்லை. காட்டில் கற்றதெல்லாம் கல்வியா என்று அவரும் எண்ணவில்லை.

பலரும் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகின்றனர். ஆனால் உபநிடதம் நிறுத்தவில்லை. சத்தியகாமர் பின்னாளில் தாமே ஆசாரியர் ஆனார். உபகோசலன் என்ற மாணவன் பன்னிரண்டு ஆண்டுகள் அவருடைய வேள்வித் தீயைப் பேணினான். மற்ற மாணவர்களுக்குக் கல்வி முடித்து விடை கொடுத்த சத்தியகாமர் இவனுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தாய் ஒருத்தியின் உண்மையாலும் ஆசிரியர் ஒருவரின் கனிவாலும் உயர்ந்தவர், தம் வாசலில் நின்ற பிள்ளையைப் பார்க்கத் தவறினார். பார்த்தவள் அவருடைய மனைவி. இந்தப் பிள்ளை தவமிருந்து நன்றாகப் பணி செய்துவிட்டான், தீயே உங்களைப் பழிக்கும் முன் இவனுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று எடுத்துரைத்தாள். அவர் கேட்காமல் பயணம் போய்விட்டார்.

உபகோசலன் மனம் நொந்து உணவை மறுத்தான். அவன் உண்ணாததைக் கண்டவளும் அவளே. ஏன் உண்ணவில்லை, சாப்பிடு என்று வற்புறுத்தினாள். உள்ளம் துயரால் நிரம்பியிருக்கிறது, உணவு வேண்டாம் என்றான் அவன். அப்போது அவன் பன்னிரண்டு ஆண்டுகள் பேணிய தீக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. இவன் நம்மை நன்றாகக் கவனித்தவன், நாமே இவனுக்குச் சொல்வோம் என்று முடிவு செய்து தாம் அறிந்ததைச் சொல்லின. எஞ்சிய வழியை உன் ஆசிரியர் சொல்வார் என்று கூறி நிறுத்தின.

சத்தியகாமர் பயணம் முடிந்து திரும்பினார். மாணவனின் முகத்தைப் பார்த்தார். பிரம்மத்தை அறிந்தவனின் முகம்போல ஒளிர்கிறதே, உனக்குக் கற்பித்தது யார் என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் காட்டிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனிடம் கௌதமர் கேட்ட அதே கேள்வி. உபகோசலன் தயங்கித் தயங்கித் தீயைச் சுட்டினான். அவை சொன்னது எதுவரை என்று கேட்டறிந்துகொண்ட சத்தியகாமர், மீதியைத் தாம் சொல்லத் தொடங்கினார்.